அப்பலாச்சியன் நெடுந்தடம்

அப்பலாச்சியன் நெடுந்தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சிய மலைத்தொடரின் முகடுகளை ஒட்டிச் செல்லும் ஒரு நீண்ட நடைவழி ஆகும். தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மேய்ன் மாநிலத்திலுள்ள கட்டாடின் மலையில் இத்தடம் முடிவடைகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிமீ ஆகும். தடத்தின் சில பகுதிகள் அவ்வப்போது இடம் மாற்றப்படுவதால், துல்லியமான நீளம் ஆண்டுதோறும் சிறிது வேறுபடும்.

ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தடத்தின் ஏதேனும் ஒரு பகுதியில் நடக்கின்றனர். இவர்களுள் பெரும்பாலானோர் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் நடப்பவர்கள். தடம் முழுவதையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் நடந்து முடிப்பது முழுநடை எனப்படுகிறது. முழுநடையைத் தொடங்குவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே அதனை நிறைவு செய்கின்றனர். முழுநடைக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு மாதங்கள் தேவைப்படுகின்றன. அத்தனை மாதங்களும் ஒன்றையொன்று ஒத்த நாட்களால் ஆனவை. ஒரு நாளின் நீர், சுமை, தொலைவு, பகல் வெளிச்சம் ஆகியவற்றைச் சரியாகக் கணக்கிட்டு, அக்கணக்கை நூற்றைம்பது முறைக்கு மேல் திரும்பச் செய்வதே முழுநடையின் அடிப்படை ஆகும்.

அமைவிடம்

இத்தடம் ஜார்ஜியா, வட கரொலைனா, டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ், வெர்மான்ட், நியூ ஹாம்ப்சயர், மேய்ன் ஆகிய 14 மாநிலங்களின் ஊடாகச் செல்கிறது. தடத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் அமைந்துள்ளது.

தடத்தின் மிக உயரமான இடம், டென்னசி, வட கரொலைனா எல்லையிலுள்ள குவோகி கொடுமுடி (2,025 மீ) ஆகும். முன்னர் கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்ட இக்கொடுமுடிக்கு, அதன் பழைய செரோக்கி மொழிப் பெயர் 2024 ஆம் ஆண்டு மீண்டும் சூட்டப்பட்டது. மிகத் தாழ்வான இடம் நியூ யார்க் மாநிலத்தின் பேர் மலைப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 38 மீ உயரத்தில் உள்ளது.

அப்பலாச்சிய மலைகள் இமயமலையை விட மிகப் பழைமையானவை. இவற்றின் உருவாக்கம் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. நெடுங்கால அரிப்பினால் தேய்ந்து போனதால் இம்மலைகள் பெரிய உயரம் கொண்டவையல்ல. ஆனால் தடம் ஒவ்வொரு முகடாக ஏறி, ஒவ்வொரு கணவாயாக இறங்கிச் செல்வதால், முழுநடை செய்பவர் ஏறும் மொத்த உயரம் ஏறத்தாழ 1,41,000 மீ ஆகிறது. இது கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்டு சிகரத்தின் உச்சிவரை பதினாறு முறை ஏறுவதற்குச் சமம்.

பசிபிக் முகட்டுத் தடம் (ஏறத்தாழ 4,265 கிமீ), கண்ட நீர்ப்பிரிமேட்டுத் தடம் (ஏறத்தாழ 5,000 கிமீ) ஆகியன ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பிற பெரும் நெடுந்தடங்கள் ஆகும். இவ்விரண்டையும் ஒப்பிடும்போது அப்பலாச்சியன் நெடுந்தடம் நீளத்தில் குறைந்தது. எனினும் செங்குத்தான ஏற்றங்கள், வேரும் பாறையும் நிறைந்த தரை, அடிக்கடி பெய்யும் மழை ஆகியவற்றால் நடப்பதற்கு எளிதானதன்று.

வரலாறு

இத்தடத்துக்கான முன்மொழிவை வெளியிட்டவர் பென்டன் மெக்காய் என்னும் வனவியலாளர் ஆவார். 1921 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. மலைமுகட்டில் ஒரு நடைவழி மட்டுமன்றி, தொழில் நகரங்களின் நெருக்கடியிலிருந்து மக்கள் ஓய்வு பெறுவதற்கான முகாம்களும் பண்ணைகளும் அமைய வேண்டும் என்பது அவரது கருத்தாக இருந்தது. அவற்றுள் நடைவழி மட்டுமே நிறைவேறியது.

1923 ஆம் ஆண்டு நியூ யார்க் மாநிலத்தின் பேர் மலைக்கு அருகே தடத்தின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டு வாசிங்டனில் அப்பலாச்சியன் தட மாநாடு என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. இவ்வமைப்பு 2005 ஆம் ஆண்டு முதல் அப்பலாச்சியன் தடப் பாதுகாப்பகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

முன்மொழிவைச் செயலாக்கியவர்களுள் முதன்மையானவர் மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞர். 1931 முதல் 1952 வரை அமைப்பின் தலைவராக இருந்த இவர், தொலைவு அளக்கும் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே தடம் முழுவதையும் பகுதி பகுதியாக நடந்து அளந்தார். முகட்டின் மேல் மோட்டார் சாலைகள் அமைக்கப்பட்டபோது மெக்காய் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார். தடம் அறுபடாமல் இருப்பதே முதன்மை என்று ஏவரி கருதினார். இக்கருத்து வேறுபாட்டால் 1930களின் நடுப்பகுதியில் இருவரும் பிரிந்தனர். 1937 ஆகஸ்ட் 14 அன்று மேய்ன் மாநிலத்தில் எஞ்சியிருந்த பகுதி வெட்டப்பட்டதுடன் தடம் நிறைவடைந்தது.

தடம் முழுவதையும் ஒரே பயணமாக நடந்ததாக அறிவித்த முதல் மனிதர் ஏர்ல் சேஃபர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய இவர், 1948 ஆம் ஆண்டு 124 நாட்களில் நடந்து முடித்தார். தொடக்கத்தில் அமைப்பினரே இதனை நம்பத் தயங்கினர். 1998 ஆம் ஆண்டு தமது 79 ஆவது அகவையில் இவர் மீண்டும் ஒருமுறை தடம் முழுவதையும் நடந்தார்.

1955 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட் தமது 67 ஆவது அகவையில் தனியாக முழுநடையை நிறைவு செய்தார். துணிக் காலணிகளும், தாமே தைத்த ஒரு தோள்பையும், மழைக்கு ஒரு குளியலறைத் திரையுமே அவரிடம் இருந்தன. கூடாரமோ உறங்குபையோ அவர் எடுத்துச் செல்லவில்லை. சுமையைக் குறைத்து நடப்போருக்கு அவர் இன்றும் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

1968 ஆம் ஆண்டின் தேசியத் தடங்கள் சட்டம் இத்தடத்துக்குத் தேசிய இயற்கையெழில் தடம் என்ற தகுதியை அளித்தது. 1978 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், தனியார் நிலங்களிலும் சாலையோரங்களிலும் சென்ற பகுதிகளுக்காக அரசு நிலம் வாங்கத் தொடங்கியது. தற்போது தடத்தின் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அமைந்துள்ளது.

தடக்குறிகளும் கொட்டகைகளும்

மரங்களிலும் பாறைகளிலும் கம்பங்களிலும் தீட்டப்பட்ட வெள்ளைச் செவ்வகங்களே நடைபயணிக்கு வழிகாட்டுகின்றன. ஒவ்வொரு குறியும் 5 செமீ அகலமும் 15 செமீ உயரமும் உடையது. ஏறத்தாழ 1,65,000 குறிகள் தடம் முழுவதும் உள்ளன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறிகள் இருந்தால், முன்னே ஒரு திருப்பமோ கவனிக்க வேண்டிய இடமோ உள்ளது என்று பொருள். நீல நிறக் குறிகள் ஊற்றுக்கும் கொட்டகைக்கும் காட்சி முனைகளுக்கும் செல்லும் கிளை வழிகளைக் காட்டுகின்றன.

மேய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றுக்குப் பாலம் இல்லை. மேற்புற அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது ஆறு விரைந்து பெருகும் என்பதால், நடைபயணிகள் துடுப்புப் படகில் அக்கரை சேர்க்கப்படுகின்றனர். இப்படகுப் பயணம் தடத்தின் முறையான பகுதியாகவே கருதப்படுகிறது. படகின் உட்புறத்திலும் ஒரு வெள்ளைக் குறி தீட்டப்பட்டுள்ளது.

தடத்தில் 250க்கும் மேற்பட்ட கொட்டகைகள் உள்ளன. இவை மூன்று பக்கம் சுவரும், ஒரு பக்கம் திறப்பும், பலகைத் தளமும் கொண்ட எளிய கட்டடங்கள். இரண்டு கொட்டகைகளுக்கு இடையே சராசரியாக 13 கிமீ தொலைவு இருக்கும். முன்பதிவு பெரும்பாலும் இல்லை. முன்னால் வருபவர்களுக்கே இடம். ஆகவே ஒவ்வொருவரும் கூடாரம் ஒன்றைச் சுமந்து செல்வது கட்டாயம் எனலாம்.

நெடுநடையின் ஒரு நாள்

தொலைவுக் கணக்கு

தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடப்போர் பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து புறப்படுகின்றனர். வடமுனையான கட்டாடின் மலை அமைந்துள்ள பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் முகாமிடும் காலம் வழக்கமாக அக்டோபர் 15 உடன் முடிவடைகிறது. அதற்குப் பின் பனியும் உறைபனியும் மலை ஏற்றத்தை எந்நாளும் தடுக்கக்கூடும். ஏப்ரல் 15 அன்று புறப்படும் ஒருவருக்கு 183 நாட்கள் கிடைக்கின்றன. ஒரு நாளும் ஓய்வின்றி நடந்தால் நாளொன்றுக்கு 19 கிமீ போதுமானது. ஆனால் ஓய்வுக்கும் காயம் ஆறுவதற்கும் உணவு வாங்குவதற்கும் 40 நாட்கள் கழிந்தால், எஞ்சிய நாட்களில் சராசரியாக 24 கிமீ நடக்க வேண்டும்.

மலைநடையில் தொலைவைக் காட்டிலும் ஏற்றமே நேரத்தைத் தீர்மானிக்கிறது. 1892 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதியின்படி, ஒவ்வொரு 5 கிமீ தொலைவுக்கும் ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீ ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தேவை. இதன்படி, 1,500 மீ ஏற்றத்துடன் 24 கிமீ நடப்பதற்கு ஏழே கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆகும். முதுகுச் சுமையும் ஓய்வும் சேர்ந்தால் இது ஒன்பது அல்லது பத்து மணி நேரமாகும். ஏப்ரல் மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 13 மணி நேரம் நீடிக்கும். அக்டோபர் நடுவில் மேய்ன் மாநிலத்தில் அது 11 மணி நேரமாகக் குறைந்துவிடும். எனவே ஒரே தொலைவு பருவத்தைப் பொறுத்து எளிதாகவோ இடர் மிக்கதாகவோ அமையும்.

காலை

நடைபயணிகள் பலர் விடியற்காலையிலேயே எழுகின்றனர். ஈரமான கூடாரத்தைச் சுருட்டுவது, பைக்குள் பொருட்களை அடுக்குவது, கால் விரல்களைப் பார்த்துக் கொப்புளம் தோன்றும் இடத்தில் ஒட்டுத்துணி இடுவது ஆகியன காலையின் முதல் வேலைகள். கொப்புளத்தை அது தோன்றும் முன்பே கவனிப்பது முதன்மையானது. சிறிய புண் ஒன்று நடையின் முறையை மாற்றி, சில நாட்களில் முழங்கால் வலியாக வளரக்கூடும்.

பையை அடுக்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் மட்டும் தேவைப்படும் உறங்குபை அடியில் வைக்கப்படும். கனமான உணவுப் பை முதுகெலும்பை ஒட்டி நடுவில் இருக்கும். மழையாடையும் நீரும் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். உறங்குபையும் மாற்று உடைகளும் நீர் புகாத உறையில் இடப்படுகின்றன. நாள் முழுதும் நனைந்து வருபவருக்கு இரவில் உலர்ந்த துணி கிடைப்பது வசதி மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

சுமை

உணவும் நீரும் எரிபொருளும் நீங்கலாக எஞ்சும் எடை அடிப்படைச் சுமை எனப்படுகிறது. கூடாரம், உறங்குபை, முதுகுப்பை ஆகிய மூன்றுமே இதன் பெரும்பகுதி. சுமையைக் குறைப்பதில் தேர்ந்தவர்கள் இதனை 5 கிலோவுக்கும் கீழே கொண்டுவருகின்றனர். பெரும்பாலானோரின் அடிப்படைச் சுமை இதைப்போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக இருக்கும்.

ஒரு நாளைய உலர் உணவின் எடை ஏறத்தாழ 700 முதல் 900 கிராம் வரை இருக்கும். ஆகவே ஐந்து நாள் உணவு 4 கிலோவைத் தொடுகிறது. ஊரிலிருந்து தடத்துக்குத் திரும்பும் முதல் நாளின் பையே மிகக் கனமானது. தொடக்க வாரங்களில் தேவையற்ற பொருட்களை நடைபயணிகள் அஞ்சல் வழியே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம்.

நீர்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நிறைய எடுத்துச் சென்றால் சுமை கூடும். குறைத்து எடுத்தால் அடுத்த ஊற்று வறண்டிருக்கும் நாளில் தொல்லை நேரும். எனவே அடுத்த நீர்நிலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை வழிகாட்டி நூலில் பார்த்தே நீர் நிரப்பப்படுகிறது. பொதுவாக ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதுமானது. கோடையின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவின் பாறை முகடுகளில் ஊற்றுகள் வற்றிவிடுவதால் கூடுதல் நீர் தேவைப்படும்.

தெளிந்து ஓடும் ஓடை நீரிலும் சியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். ஆகவே நீரை வடிகட்டியோ, வேதிமாத்திரை இட்டோ, கொதிக்க வைத்தோ பருக வேண்டும். நுண்துளைக் குழாய்களைக் கொண்ட சிறு வடிகட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. உறைபனி இரவில் இவ்வடிகட்டிக்குள் எஞ்சிய நீர் உறைந்தால் நுண்குழாய்கள் வெடித்துவிடும். வெடித்ததை வெளியிலிருந்து கண்டறிய இயலாது. இதனால் குளிர் இரவுகளில் வடிகட்டியை உறங்குபைக்குள் வைத்துக்கொள்கின்றனர்.

உணவு

முழுநடை செய்பவரின் உடல் நாளொன்றுக்கு 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவிடுகிறது. அவ்வளவு உணவைச் சுமக்க இயலாது என்பதால், குறைந்த எடையில் நிறைய ஆற்றல் தரும் பொருட்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. காலையில் ஓட்ஸ் கஞ்சி, நடையின் இடையே கொட்டைகளும் உலர் பழங்களும், நண்பகலில் தட்டை ரொட்டியுடன் நிலக்கடலை வெண்ணெய், இரவில் நூடுல்ஸ் அல்லது உடனடிச் சோறு என்பது பரவலான உணவுமுறை. இருந்தும் பற்றாக்குறை தொடரும். பல நடைபயணிகள் மாதக் கணக்கில் எடை இழந்து வருகின்றனர். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை தடத்தை ஒட்டிய ஊர்களில் உணவு வாங்கிக்கொள்கின்றனர். வட கரொலைனாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜீனியாவின் டமாஸ்கஸ், நியூ ஹாம்ப்சயரின் ஹானோவர் ஆகிய ஊர்களின் தெருக்கள் வழியாகவே தடம் செல்கிறது.

மாலையும் இரவும்

மாலையில் கொட்டகையை அடைந்ததும் உணவை முடித்து, உணவுப் பையைக் கரடியிடமிருந்து காப்பது தவறாமல் செய்ய வேண்டிய பணி ஆகும். பல கொட்டகைகளில் இதற்கெனக் கம்பிவடங்களோ இரும்புப் பெட்டிகளோ அமைக்கப்பட்டுள்ளன. இல்லாத இடங்களில் பையைக் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து மூன்றரை மீட்டருக்கு மேலும், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் அளவு தள்ளியும் தொங்கவிடுவர். கரடியால் திறக்க இயலாத கெட்டியான கலனைச் சுமந்து செல்லுமாறு தடப் பாதுகாப்பகம் பரிந்துரைக்கிறது. மனித உணவின் சுவையறிந்த கரடி மீண்டும் மீண்டும் முகாம்களைத் தேடி வரும். இறுதியில் அது கொல்லப்பட நேரிடும். ஆகவே இவ்விதி நடைபயணியை மட்டுமன்றிக் கரடியையும் காக்கிறது.

கழிப்பிடம் இல்லாத இடங்களில், நீர்நிலையிலிருந்தும் தடத்திலிருந்தும் 60 மீட்டருக்கு அப்பால், 15 முதல் 20 செமீ ஆழத்தில் குழி தோண்டி மலத்தைப் புதைக்க வேண்டும். கை கழுவுவதில் ஏற்படும் கவனக்குறைவால் நோரோவைரஸ் போன்ற வயிற்று நோய்கள் கொட்டகைகளில் பரவியதுண்டு.

கொட்டகை ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு இருக்கும். நடைபயணிகள் தம் பெயரையும், நாளையும், செல்லும் திசையையும் அதில் எழுதுவர். பொழுதுபோக்காகத் தோன்றும் இக்குறிப்பேடு, ஒருவர் காணாமற்போகும்போது அவர் கடைசியாக எங்கிருந்தார் என்பதை அறிய உதவும் முதல் ஆவணம் ஆகிறது. இருட்டிய சிறிது நேரத்தில் பெரும்பாலோர் உறங்கிவிடுவதால், இரவு ஒன்பது மணியை நடைபயணிகளின் நள்ளிரவு என்பர்.

மரவரம்புக்கு மேல் ஒரு நாள்

தடத்தின் பெரும்பகுதி அடர்ந்த காட்டுக்குள் செல்கிறது. இதற்கு விலக்காக, நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் வெள்ளை மலைகளில் உள்ள பிரசிடென்சியல் முகட்டில், தடம் ஏறத்தாழ 20 கிமீ தொலைவுக்கு மரவரம்புக்கு மேல் திறந்த பாறைவெளியில் செல்கிறது. இங்கு மரங்கள் இல்லாததால் கற்குவியல்களே வழிகாட்டிகள்.

இப்பகுதியில் ஒரு நாள் நடை பெரும்பாலும் மேகஏரிக் குடிலில் (ஏறத்தாழ 1,530 மீ) தொடங்குகிறது. அங்கிருந்து வாசிங்டன் மலை உச்சி (1,917 மீ) 2.4 கிமீ தொலைவில் உள்ளது. உச்சிக்கு 1861 ஆம் ஆண்டு முதல் சாலையும், 1869 ஆம் ஆண்டு முதல் பற்சக்கர இருப்புப்பாதையும் உள்ளன. ஆகையால் மாதக்கணக்கில் நடந்து வந்தவரும், அரை மணி நேரத்தில் மகிழுந்தில் வந்தவரும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் சந்திப்பர். உச்சியிலிருந்து ஜெஃபர்சன், ஆடம்ஸ் மலைகளின் சரிவுகளைச் சுற்றிச் செல்லும் தடம் மேடிசன் குடிலை அடைகிறது. மேகஏரிக் குடிலிலிருந்து இது ஏறத்தாழ 11 கிமீ. அதன்பின் மேடிசன் உச்சியைக் (1,636 மீ) கடந்து, பிங்கம் கணவாய்க்கு ஆயிரம் மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். களைத்த முழங்கால்களுடன் நாளின் கடைசியில் வரும் இவ்விறக்கமே பலருக்கும் கடினமானது.

வாசிங்டன் மலை உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிமீ வேகக் காற்று பதிவானது. 1996 வரை இதுவே தரைமட்டக் காற்றுவேகத்தின் உலகச் சாதனையாக இருந்தது. கோடையிலும் இங்கு வெப்பநிலை சில மணி நேரத்தில் உறைநிலைக்கு அருகே விழக்கூடும். 1900 ஆம் ஆண்டு சூன் 30 அன்று, உச்சியில் நடைபெறவிருந்த மலையேற்றச் சங்கக் கூட்டத்துக்கு நடந்து சென்ற வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஓர்ம்ஸ்பி ஆகிய இருவரும் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு அப்பகுதியில் ஒரு சிறு புகலிடம் கட்டப்பட்டது. 1915 ஆம் ஆண்டு கட்டப்பட்ட மேகஏரிக் குடில் அதன் தொடர்ச்சியே ஆகும். மரவரம்புக்கு அருகிலுள்ள எச்சரிக்கைப் பலகைகள், வானிலை மோசமாக இருந்தால் உடனே திரும்புமாறு கூறுகின்றன. நாளொன்றுக்கு இத்தனை கிமீ என்ற கணக்கு இங்கு வானிலைக்கு அடங்கியே நிற்க வேண்டும்.

இடர்கள்

கரடியும் பாம்பும் பரவலாக அஞ்சப்படுகின்றன. எனினும் நடைபயணிகளுக்கு மிகுதியாகத் தீங்கு செய்பவை வேறு.

உடல்வெப்பக் குறைவு: இது கடும் பனியில் மட்டும் ஏற்படுவதன்று. 5 முதல் 10 பாகை செல்சியசு வெப்பநிலையில், மழையும் காற்றும் சேர்ந்தால் நனைந்த உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும். பருத்தி ஆடை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளே பரிந்துரைக்கப்படுகின்றன. நடுக்கமும் குழறிய பேச்சும் தடுமாற்றமும் இதன் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவரே தம் நிலையை உணராமல் போவது இதன் பேரிடர்.

லைம் நோய்: ஒரு வகை உண்ணியின் கடியால் பரவும் நுண்ணுயிர் நோய். நடுப்பகுதி மாநிலங்களில் மிகுதி. நாள்தோறும் மாலையில் உடலைச் சோதித்து உண்ணிகளை அகற்றுவதே சிறந்த காப்பு.

வழி தவறுதல்: இயற்கைக் கடனுக்காகத் தடத்திலிருந்து சிறிது விலகிச் சென்று, திரும்பும் வழி தெரியாமல் உயிரிழந்தவர் உண்டு. மேய்ன் காடுகள் அவ்வளவு அடர்த்தியானவை. செல்பேசிக்குப் பல இடங்களில் அலைவரிசை கிடைப்பதில்லை. வரைபடம், திசைகாட்டி, ஊதல் ஆகியவற்றை உடலோடு வைத்திருப்பதும், வழி தெரியாதபோது மேலும் அலையாமல் ஓரிடத்திலேயே நிற்பதும் அடிப்படை விதிகள்.

வழுக்கி விழுதல், மிகைப்பயன்பாட்டுக் காயங்கள்: முழுநடையைப் பாதியில் கைவிடுவோர் பலரின் காரணம் இவையே. பணப் பற்றாக்குறையும் வீட்டு நினைவும் பிற காரணங்கள்.

தட வழக்குகள்

நெடுநடையில் சில தனி வழக்குகள் உருவாகியுள்ளன.

தடப்பெயர்: நடைபயணிகள் தம் இயற்பெயரை விடுத்து, சக பயணிகள் சூட்டிய பட்டப்பெயரால் அறியப்படுகின்றனர்.

சுழி நாள்: ஒரு கிமீயும் நடக்காத ஓய்வு நாள்.

தட மாயம்: எதிர்பாராத இடத்தில் முன்பின் அறியாதவர் அளிக்கும் உணவு, குளிர்பானம், வண்டிப் பயணம் போன்ற உதவிகள். இவற்றைச் செய்வோர் தடத் தேவதைகள் எனப்படுகின்றனர்.

விரைவுச் சாதனைகளும் இத்தடத்தில் நிகழ்த்தப்படுகின்றன. 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் தாரா டவர் என்னும் ஓட்டவீராங்கனை உதவிக் குழுவின் துணையுடன் 40 நாட்கள் 18 மணி நேரத்தில் தடம் முழுவதையும் கடந்தார். இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 கிமீ ஆகும்.

பராமரிப்பு

இத்தடத்தைத் தேசியப் பூங்காப் பணியகம், வனப் பணியகம், மாநில அரசுகள் ஆகியன தடப் பாதுகாப்பகத்துடன் இணைந்து நிர்வகிக்கின்றன. ஆனால் அன்றாட வேலை ஏறத்தாழ முப்பது தன்னார்வச் சங்கங்களின் கையில் உள்ளது. ஒவ்வொரு சங்கத்துக்கும் குறிப்பிட்ட தொலைவு ஒதுக்கப்பட்டுள்ளது. சங்கத்துக்குள் ஓரிரு உறுப்பினர்கள் சில கிமீ தொலைவுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கின்றனர்.

விழுந்த மரங்களை அறுப்பது, புதரை வெட்டுவது, வெள்ளைக் குறிகளைப் புதுப்பிப்பது, கழிப்பிடங்களைப் பேணுவது ஆகியன இவர்களின் பணிகள். இவற்றுள் மிக முதன்மையானது நீரை வடிப்பது. மழைநீர் தடத்தின் வழியே ஓடத் தொடங்கினால் சில ஆண்டுகளில் தடம் ஓடையாக மாறிவிடும். இதனைத் தடுக்கக் கல்லையோ மரக்கட்டையையோ தடத்தின் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றனர். இக்கட்டைகளுக்குப் பின்னே சேரும் மண்ணையும் இலைகளையும் காலந்தோறும் அகற்ற வேண்டும். இயற்கைப் பாதுகாப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இயந்திர வாள்களுக்கு அனுமதி இல்லாததால், இருவர் இழுக்கும் கைவாள்களே பயன்படுகின்றன.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா பெருந்தொற்றின்போது, தடத்தை விட்டு வெளியேறுமாறு பாதுகாப்பகம் நடைபயணிகளைக் கேட்டுக்கொண்டது. 2024 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி தெற்கு அப்பலாச்சிய மலைகளைத் தாக்கியபோது, நூற்றுக்கணக்கான கிமீ தொலைவுக்குத் தடம் மரங்களாலும் நிலச்சரிவுகளாலும் மூடப்பட்டது. டென்னசி மாநிலத்தின் எர்வின் ஊருக்கு அருகே நோலிச்சக்கி ஆற்றின் மீதிருந்த செஸ்டோவா பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சங்கங்களின் தன்னார்வலர்கள் அடுத்த நடைப்பருவத்துக்கு முன்பே தடத்தின் பெரும்பகுதியிலிருந்து மரங்களை அறுத்து அகற்றினர்.

நடைபயணி ஒருவர் ஒரு நாளில் கடக்கும் 24 கிமீ தொலைவில் பல தன்னார்வலர்களின் பகுதிகள் அடங்கியிருக்கும். அவர்களுள் பெரும்பாலோரை அவர் சந்திப்பதில்லை. தடம் சரியாகப் பேணப்பட்டிருக்கும் நாளில் அவர்களது வேலை அவர் கண்ணில் படுவதும் இல்லை.